மார்ஃபின் எழுதலாம், கஞ்சா எழுத முடியாது: பென்சில்வேனியாவில் ஒரு நோயாளி மருத்துவக் கஞ்சா வாங்கும் கதை

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு டாக்டர் தன் நோயாளிக்கு மார்ஃபின் எழுதித் தரலாம். ஹெராயினைவிடப் பல மடங்கு வீரியமான ஃபென்டனைலைப் பட்டையாகத் தோளில் ஒட்டிக்கொள்ளச் சொல்லிச் சீட்டுக் கொடுக்கலாம். அந்தச் சீட்டைத் தெருமுனை மருந்துக்கடையில் நீட்டினால் மருந்து கிடைக்கும், இன்ஷூரன்ஸும் தன் பங்கைக் கட்டும். கஞ்சாவுக்கு மட்டும் அவர் சீட்டு எழுத முடியாது. அப்படியிருந்தும் அந்த மாநிலத்தில் மருத்துவக் கஞ்சாவுக்குச் சான்று பெற்றவர்கள் 4 லட்சத்துக்கும் மேல்.

சீட்டே இல்லாமல் இத்தனை பேர் மருந்து வாங்குவது எப்படி? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் முழு ஏற்பாடும் புரிந்துவிடும். டாக்டர் ஏன் அளவு சொல்வதில்லை, இன்ஷூரன்ஸ் ஏன் ஒரு காசும் தருவதில்லை, பக்கத்து மாநிலத்துக்குப் பாலம் தாண்டினால் ஏன் குற்றம் என்பதெல்லாம் அந்த இல்லாத சீட்டிலிருந்தே கிளைக்கின்றன. சீட்டு செய்ய வேண்டிய வேலைகளை ஒவ்வொன்றாக நோயாளியே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. அதை நிறையப் பேர் தெரியாமலேயே தலையில் ஏற்றிக்கொள்கிறார்கள் என்பதுதான் என் கவலை.

1970இல் இயற்றப்பட்ட மத்திய அரசின் சட்டம், போதை தரும் பொருட்களை ஐந்து பட்டியல்களாகப் பிரித்தது. கஞ்சாவை ஹெராயினோடும் எல்.எஸ்.டி.யோடும் சேர்த்து முதல் பட்டியலில் போட்டது. முதல் பட்டியல் என்றால் 'மருத்துவப் பயன் இல்லை' என்று அரசு சொல்வதாக அர்த்தம். அந்தப் பட்டியலில் உள்ள எதற்கும் எந்த டாக்டரும் சீட்டு எழுதக் கூடாது. ஃபென்டனைலும் மார்ஃபினும் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. அதனால் அவற்றை எழுதலாம்.

1996 நவம்பரில் கலிபோர்னியா மக்கள் வாக்கெடுப்பில் மருத்துவக் கஞ்சாவை அனுமதித்தபோது மத்திய அரசு டாக்டர்களை நேரடியாக மிரட்டியது. கஞ்சாவைப் பரிந்துரைக்கும் டாக்டரின், கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளை எழுதும் உரிமம் பறிக்கப்படும் என்று அறிவித்தது. அந்த உரிமம் போனால் ஒரு டாக்டரால் வலி மருந்துகூட எழுத முடியாது, தொழிலே படுத்துவிடும். சான் பிரான்சிஸ்கோவில் எய்ட்ஸ் நோயாளிகளைப் பார்த்துவந்த மார்க்கஸ் கொனன்ட் என்ற டாக்டரும் வேறு சிலரும் வழக்குப் போட்டார்கள். 2002இல் 9ஆவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 'உங்களுக்குக் கஞ்சா உதவலாம்' என்று நோயாளியிடம் ஒரு டாக்டர் சொல்வது பேச்சுரிமை, அதற்காக அவரைத் தண்டிக்க முடியாது என்றது. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை எடுக்க மறுத்துவிட்டது.

எழுதக் கூடாது, சொல்லலாம். இந்த மெல்லிய இடைவெளியில்தான் அமெரிக்காவின் அத்தனை மருத்துவக் கஞ்சாத் திட்டங்களும் நிற்கின்றன. டாக்டர் தருவது மருந்துச்சீட்டு அல்ல, 'இவருக்கு இந்த நோய் இருக்கிறது, கஞ்சாவால் பயன் கிடைக்கலாம்' என்ற சான்று. மாநில அரசு அந்தச் சான்றைப் பார்த்து ஓர் அடையாள அட்டை தருகிறது. அட்டையைக் காட்டி நோயாளி மருந்தை வாங்கிக்கொள்கிறார்.

இங்கே ஒரு பழைய கதை. கஞ்சாவை மேற்கத்திய மருத்துவத்துக்குள் கொண்டுபோன ஆய்வு நடந்தது நம் பக்கம்தான். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வேலை பார்த்த வில்லியம் ஓஷாக்னஸி என்ற ஐரிஷ் டாக்டர், இந்த ஊர் வைத்தியர்கள் கஞ்சாவைப் பயன்படுத்துவதைப் பார்த்து, தானும் சோதித்து 1839இல் கட்டுரை வெளியிட்டார். வில்வாத (டெட்டனஸ்) நோயாளிகள், காலரா நோயாளிகள், வலிப்பு வந்த 40 நாள் பச்சைக்குழந்தை ஒன்று என்று பலருக்குக் கொடுத்துப் பார்த்ததை அதில் எழுதியிருக்கிறார். அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, 1850இல், அமெரிக்காவின் அதிகாரபூர்வ மருந்து நூலில் கஞ்சா இடம்பிடித்தது. 1942இல் அதை நீக்கினார்கள். 90 ஆண்டுகளுக்கு மேல் மருந்தலமாரியில் இருந்த சரக்குத்தான் பிறகு 'பயனற்றது' என்ற பட்டியலுக்குப் போனது.

பென்சில்வேனியாவில் கதவைத் தட்டியவர்களும் வலிப்பு வந்த குழந்தைகளின் பெற்றோர்தான். 2013இல் கொலராடோவைச் சேர்ந்த ஷார்லட் ஃபிகி என்ற சிறுமியின் கதையை சி.என்.என். ஒளிபரப்பியது. ட்ராவே நோய்க்குறியால் வாரத்துக்கு நூற்றுக்கணக்கான வலிப்புகள் வந்துகொண்டிருந்த குழந்தை, போதை குறைந்த ஒரு வகைக் கஞ்சா எண்ணெயில் பெருமளவு தேறியதை நாடே பார்த்தது. அதன்பிறகு பல மாநிலத் தலைநகரங்களில் தாய்மார்கள் சக்கர நாற்காலிக் குழந்தைகளோடு போய் நின்றார்கள். பென்சில்வேனியாவின் தலைநகரான ஹாரிஸ்பர்க் சட்டமன்றத்திலும் நின்றார்கள். 2016 ஏப்ரல் 17 அன்று ஆளுநர் டாம் உல்ஃப் 16ஆம் எண் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். கடைகள் திறந்து விற்பனை தொடங்கியது 2018 பிப்ரவரியில். இடைப்பட்ட காலத்துக்காக, 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளின் பெற்றோருக்கு மாநிலம் ஒரு பாதுகாப்புக் கடிதம் தந்தது. வேறு மாநிலத்தில் எண்ணெய் வாங்கி வந்து வைத்திருந்தால் பென்சில்வேனியா போலீஸ் கேட்காது. ஆனால் வாங்கிக்கொண்டு எல்லை தாண்டும்போது மத்திய சட்டத்தின்படி அந்தத் தாய் கடத்தல்காரிதான். அந்தக் கடிதத்தால் அதற்கு ஒன்றும் செய்ய முடியவில்லை.

சரி, இப்போது நோயாளியின் பக்கம் வருவோம். பென்சில்வேனியாவின் எக்ஸ்டனில் மகன் வீட்டில் இருக்கும் 68 வயது அம்மா ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்தவர். நோய் கட்டுக்குள் வந்துவிட்டது, ஆனால் கீமோவால் கால் நரம்புகள் கெட்டுப்போய்விட்டன. இரவில் பாதம் நெருப்பில் வைத்ததுபோல் எரிகிறது, போர்வை பட்டாலே துடிக்கிறார். கொடுத்த மாத்திரைகளில் ஒன்று தலைசுற்றல் தந்தது, ஒன்று பலனில்லை. மகன் கஞ்சா எண்ணெய் பற்றிப் பேச்செடுக்கிறான். நம் ஊரில் கஞ்சா என்றால் போலீஸ் கேஸ்தான் நினைவுக்கு வரும். "என்னடா, என்னையப் போயி கஞ்சா குடிக்கச் சொல்றே?" என்றுதான் அந்த அம்மா முதலில் கேட்பார்.

முதல் வேலை டாக்டரைப் பார்ப்பது என்று நினைப்போம். அதற்கு முன்பே ஒரு வேலை இருக்கிறது. மாநில சுகாதாரத் துறையின் பதிவேட்டில் இணையத்தில் பெயர் பதிய வேண்டும். பென்சில்வேனியா முகவரி போட்ட ஓட்டுநர் உரிமமோ மாநில அடையாள அட்டையோ வேண்டும், பதிவில் தரும் முகவரி அதோடு ஒத்துப்போக வேண்டும். ஆறு மாத விசாவில் பேரக்குழந்தையைப் பார்க்க வந்திருக்கும் தாத்தா பாட்டிக்கு இந்த வாசல் இங்கேயே அடைபட்டுவிடும்.

அப்புறம்தான் டாக்டர். எல்லா டாக்டரும் சான்று தர முடியாது. நான்கு மணி நேரப் பயிற்சி முடித்து, சுகாதாரத் துறையில் பதிந்துகொண்டவர்கள் மட்டுமே தரலாம். அந்த அம்மாவுக்குக் கீமோ கொடுத்த புற்றுநோய் டாக்டர் அந்தப் பட்டியலில் இல்லாமல் இருப்பது சகஜம். அதனால் முன்பின் தெரியாத இன்னொரு டாக்டரிடம், பெரும்பாலும் காணொளியில், தன் மருத்துவப் பதிவுகளை அனுப்பிவிட்டுப் பேச வேண்டியிருக்கிறது. நூறு முதல் இருநூறு டாலர் வரை கட்டணம், கைக்காசுதான். நோயாளி டாக்டரின் தொடர் கவனிப்பில் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. சான்று தரும் டாக்டர் தன்னை விளம்பரப்படுத்திக்கொள்ளக் கூடாது, கஞ்சா நிறுவனத்தில் பங்கு வைத்திருக்கக் கூடாது என்றும் சொல்கிறது. நல்ல விதிகள்தான். நடைமுறையில் இடைத்தரகு நிறுவனங்கள் இணையமெங்கும் விளம்பரம் செய்கின்றன. வருடத்துக்கு ஒருமுறை சில நிமிடம் பேசுவது தொடர் கவனிப்பு ஆகிவிடுகிறது. இந்தத் திட்டத்தின் மிகப் பலவீனமான கணு இதுதான் என்று எனக்குப் படுகிறது. அந்த அம்மாவின் இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் அறிந்த டாக்டர் இந்தப் பேச்சில் இல்லவே இல்லை.

சான்றுக்குத் தகுதியான நோய்களைச் சட்டமும் பின்னால் வந்த சேர்க்கைகளும் வரையறுக்கின்றன. புற்றுநோய், வலிப்பு, பார்க்கின்சன், மல்டிபிள் ஸ்க்லரோசிஸ், எச்.ஐ.வி., கிளாக்கோமா, குடல் அழற்சி நோய்கள், சிக்கிள் செல் சோகை, ஆட்டிசம், தீராத வலி, நரம்புக் கோளாறுகள் என்று 20க்கும் மேல். அபின் வகை மருந்துகளுக்கு அடிமையான நிலையை 2018இலும், பதற்றக் கோளாறுகளை 2019 ஜூலையிலும் சேர்த்தார்கள். பதற்றத்தைச் சேர்த்ததும் கதவு அகலத் திறந்துகொண்டது.

சான்று பதிவேட்டில் ஏறியதும் அந்த அம்மா மறுபடி இணையத்தில் போய் அட்டைக்கு 50 டாலர் கட்ட வேண்டும். மெடிக்கெய்ட் போன்ற உதவித் திட்டங்களில் இருப்பவர்களுக்குச் சலுகை உண்டு. அட்டை தபாலில் வரும். கடைக்குப் போக முடியாதவர்கள் ஒரு பராமரிப்பாளரைப் பதியலாம், 18 வயது நிரம்பாதவர்கள் கட்டாயம் பதிய வேண்டும். அவர் 21 வயது நிரம்பியவராக, குற்றப் பின்னணிச் சோதனையில் தேறியவராக இருக்க வேண்டும். மகனைப் பராமரிப்பாளராகப் போட்டால் அவனுக்கும் தனி அட்டை. சான்று, அட்டை இரண்டையும் ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும். கெட்டுப்போன நரம்பு ஓராண்டில் சரியாகாது என்று எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் அடுத்த ஆண்டும் அதே பணம், அதே பேச்சு.

கஞ்சா விற்கும் கடைக்கு அங்கே டிஸ்பென்சரி என்று பெயர். நம் ஊர் முனிசிபாலிட்டி டிஸ்பென்சரியை நினைத்துக்கொண்டு போகக் கூடாது. வாசலில் காவலர் அட்டையையும் புகைப்பட அடையாளத்தையும் பார்ப்பார். காத்திருக்கும் அறை ஒன்று, அதைத் தாண்டிப் பூட்டிய இன்னொரு கதவு. உள்ளே சுவரில் பெரிய திரையில் சரக்குப் பட்டியல் ஓடிக்கொண்டிருக்கும். பெயர்கள் மருந்துப் பெயர்கள் மாதிரி இருக்காது, புளூ ட்ரீம் என்றெல்லாம் இருக்கும். முதல்முறை வருபவரிடம் ஒரு மருந்தாளுநர் பேசுவார். நேரில் இல்லாவிட்டால் திரையில் வருவார். என்ன வகை, எவ்வளவு என்று முடிவாவது பெரும்பாலும் அந்தப் பேச்சில்தான். டாக்டரின் சான்றில் அளவுக் கட்டுப்பாடு போட இடம் உண்டு. ஆனால் பலரும் 'கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்' என்று விட்டுவிடுகிறார்கள். முதல் நாள் போன பிறகு அடுத்தடுத்த முறை கவுண்டரில் நிற்கும் விற்பனைப் பையன் சொல்வதே பலருக்கு வைத்திய ஆலோசனை.

அங்கே கிடைப்பவை மாத்திரை, நாக்கின் அடியில் விடும் சொட்டு மருந்து, தோலில் தடவும் களிம்பு, ஆவியாக்கி இழுக்கும் எண்ணெய், காய்ந்த மொட்டு. மொட்டு 2018 ஆகஸ்டில்தான் விற்பனைக்கு வந்தது. அதையும் ஆவியாக்கி மட்டுமே இழுக்கலாம், சுருட்டிப் புகைப்பது சட்டப்படி கூடாது. கஞ்சா கலந்த தின்பண்டம் விற்கக் கூடாது, நோயாளி வீட்டில் தன் உணவில் கலந்துகொள்ளலாம். வீட்டில் ஒரு செடி வளர்த்தாலும் குற்றம்.

அந்த அம்மாவுக்கு ஒரு சிறு சிரிஞ்சில் எண்ணெய் கொடுத்தார்கள் என்று வையுங்கள். ஊசி இருக்காது. உள்ளே ஒரு கிராம், கருங்கட்டியாக, லேகியத்தைவிடக் கெட்டியாக இருக்கும். கொஞ்சம் சூடு காட்டினால்தான் நகரும். லேபிளில் பொடி எழுத்தில் தொகுதி எண், காலாவதித் தேதி, டி.எச்.சி. எவ்வளவு, சி.பி.டி. எவ்வளவு, மிர்சீன், லிமோனீன் என்று வாசனைப் பொருட்களின் சதவீதம். போதை தருவது டி.எச்.சி., போதை தராதது சி.பி.டி. இந்த எண்ணெயைக் கையாளுபவர்கள் காலங்காலமாகச் சொல்லும் அளவு 'அரிசி மணி அளவு'. நமக்கு நன்றாகப் புரிகிற அளவுதான், ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. ஒரு கிராம் எண்ணெயில் 700 மில்லிகிராம் டி.எச்.சி. இருப்பது சாதாரணம். ஓர் அரிசி மணி சுமார் 20 மில்லிகிராம் எடை என்றால் அதற்குள் 14 மில்லிகிராம் டி.எச்.சி. போய்விடும். பழக்கமில்லாத வயதானவருக்கு டாக்டர்கள் பொதுவாகச் சொல்லும் தொடக்க அளவு 2.5 மில்லிகிராமோ அதற்கும் குறைவோதான். ஆக, அந்த அம்மா எடுக்க வேண்டியது ஆறில் ஒரு பங்கு அரிசி. நொய்யில் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விழுங்கும்போது இன்னொரு சிக்கல். புகையோ ஆவியோ சில நிமிடங்களில் தெரிந்துவிடும். வயிற்றுக்குள் போனது கல்லீரலைத் தாண்டி வரவேண்டும், அரை மணி முதல் இரண்டு மணி நேரம் பிடிக்கும். கல்லீரல் அதை இன்னும் வலுவான பொருளாக மாற்றி அனுப்புகிறது. ஒன்றும் தெரியவில்லையே என்று ஒரு மணி நேரத்தில் இன்னொரு அரிசி அளவு எடுத்தால், இரண்டும் சேர்ந்து ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எழும். நெஞ்சு படபடக்கும், எழுந்தால் இரத்த அழுத்தம் இறங்கிக் கால் தடுமாறும். 68 வயதில் குளியலறையில் விழுவது என்பது இடுப்பெலும்பு விவகாரம். அதனால் குறைவாகத் தொடங்கி மெதுவாக ஏற்ற வேண்டும், முதல் சில நாட்கள் யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும், எடுத்த அளவையும் நேரத்தையும் ஒரு நோட்டில் எழுதிவைக்க வேண்டும்.

அந்த நோட்டு இன்னொரு காரணத்துக்காகவும் முக்கியம். அந்த அம்மா வழக்கமாக மருந்து வாங்கும் பார்மசியின் கணினிக்கு இந்த எண்ணெய் தெரியாது. சாதாரண மருந்து என்றால், ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இரண்டு சீட்டுகள் வந்ததும் கணினி எச்சரிக்கும். இங்கே சீட்டே இல்லை, எச்சரிக்கையும் இல்லை. சி.பி.டி. கல்லீரல் நொதிகளைத் தடுப்பதால் வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமை மருந்தின் அளவை உடலில் ஏற்றிவிடக்கூடும். க்ளோபசாம் என்ற வலிப்பு மருந்திலும் இது உண்டு. ஆகவே நோட்டை எடுத்துக்கொண்டு போய், இதய டாக்டரிடமும் புற்றுநோய் டாக்டரிடமும் தானாகவே வாய்திறந்து சொல்ல வேண்டும். வெட்கப்பட்டு மறைப்பதுதான் இங்கே மிகப் பெரிய கெடுதல். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரிடம் அறுவைக்கு முன் கட்டாயம் சொல்ல வேண்டும்.

பலன் உண்டா? அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகங்கள் 2017 ஜனவரியில் 10,000க்கும் மேற்பட்ட ஆய்வுச் சுருக்கங்களைப் பார்த்து ஓர் அறிக்கை தந்தன. பெரியவர்களின் நாள்பட்ட வலி, கீமோவால் வரும் குமட்டலும் வாந்தியும், மல்டிபிள் ஸ்க்லரோசிஸில் நோயாளிகள் உணரும் தசை இறுக்கம் ஆகிய மூன்றுக்கும் வலுவான ஆதாரம் இருப்பதாகச் சொன்னது அந்த அறிக்கை. நம் அம்மாவின் கால் எரிச்சல் வலிக் கணக்கில் வரும், முயன்று பார்ப்பதில் நியாயம் இருக்கிறது. பதற்றத்துக்கும் அபின் அடிமைத்தனத்துக்கும் அப்படி வலுவான ஆதாரம் இல்லை. டி.எச்.சி. கூடினால் பதற்றம் கூடவும் செய்யும். ஒரு நோய் மாநிலப் பட்டியலில் இருப்பதற்கும் அந்த நோய்க்குக் கஞ்சா வேலை செய்யும் என்று நிரூபிக்கப்பட்டதற்கும் நேர்த் தொடர்பு கிடையாது. மேலும் ஆய்வுகள் பலவற்றில் கொடுக்கப்பட்டது அளந்து தயாரித்த மாத்திரையோ மருந்தோதான், கடையில் விற்கும் 3.5 கிராம் மொட்டு டப்பா அல்ல.

அளந்து தயாரித்த மருந்தாக வந்தபோது சீட்டுத் தடையும் போய்விட்டது என்பதைக் கவனியுங்கள். செயற்கை டி.எச்.சி. உள்ள மாரினால் மாத்திரைக்கு, மருந்துகளுக்கு அனுமதி தரும் மத்திய அமைப்பான எஃப்.டி.ஏ. 1985இலேயே அனுமதி தந்தது. செடியிலிருந்து பிரித்த சி.பி.டி. மருந்தான எபிடியோலெக்ஸுக்கு 2018 ஜூனில் அனுமதி கிடைத்தது, ட்ராவே உட்பட இரண்டு வகை வலிப்பு நோய்களுக்குத்தான் முதலில். இவற்றை எந்த டாக்டரும் எழுதலாம், பார்மசியில் வாங்கலாம், இன்ஷூரன்ஸில் கேட்கலாம். கீமோ வாந்திக்கோ குழந்தையின் ட்ராவே வலிப்புக்கோ மருந்து தேடுபவர்கள் அட்டைக்கு ஓடும் முன் இந்த இரண்டைப் பற்றித் தங்கள் டாக்டரிடம் கேட்க வேண்டும். 2024 மே மாதம் கஞ்சாவை மூன்றாம் பட்டியலுக்கு இறக்க மத்திய அரசின் நீதித்துறை அமைச்சகம் முன்மொழிந்தது. பட்டியல் மாறினாலும் மொட்டுக்கும் எண்ணெய்க்கும் டாக்டர் சீட்டு எழுதிவிட முடியாது, அதற்கு எஃப்.டி.ஏ. அனுமதி தனியாக வேண்டும்.

பணம். பென்சில்வேனியாவில் மருத்துவக் கஞ்சாவுக்கு விற்பனை வரி கிடையாது. வளர்ப்பவர் கடைக்கு விற்கும்போது 5 சதவீத வரி கட்டுகிறார், அதை ரசீதில் தனியாகப் போட்டு நோயாளியிடம் வசூலிக்கக் கூடாது. ஆனால் வருமான வரிச் சட்டத்தின் 280-இ பிரிவு, முதல் இரண்டு பட்டியல்களில் உள்ள பொருளை அனுமதியின்றி விற்கும் தொழிலில் வாடகை, சம்பளம் போன்ற செலவுகளைக் கழிக்க விடாது. கஞ்சா அந்தப் பட்டியல்களில் இருக்கும்வரை அந்தச் சுமை விலையில் ஏறும். மாஸ்டர்கார்டு, விசா கடன் அட்டைகள் செல்லாது என்பதால் கடைக்குள்ளேயே பண இயந்திரம் நிற்கும். இன்ஷூரன்ஸ் கொடுக்க வேண்டியதில்லை என்று மாநிலச் சட்டமே சொல்லிவிட்டது. ஒருமுறையில் 30 நாள் சரக்கு வாங்கலாம் என்றிருந்ததை 2021இல் 90 நாளாக்கினார்கள், தூரத்துக் கிராமங்களிலிருந்து வருபவர்களுக்கு அது பெரிய நிம்மதி. பணம் உள்ளவர்களுக்குத்தான் அதுவும்.

இனி அட்டை எதுவரை காக்கும் என்ற விஷயம். மாநிலத்துக்குள், மாநிலப் போலீஸிடமிருந்து காக்கும். அட்டை வைத்திருப்பதை மட்டுமே காரணமாகக் காட்டி முதலாளி வேலையை விட்டு அனுப்பக் கூடாது. நன்னடத்தைக் கண்காணிப்பில் இருக்கும் நோயாளிக்கு இந்த மருந்தைத் தடுக்கக் கூடாது என்று 2020இல் மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. கஞ்சா வாசனை ஒன்றை மட்டும் வைத்து காரைச் சோதனை போட முடியாது என்று 2021இல் சொன்னது.

ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தால் கதை வேறு. பென்சில்வேனியாவின் போதை ஓட்டல் சட்டப்படி, முதல் பட்டியல் பொருளோ அது உடலில் சிதைந்து உண்டாகும் மிச்சமோ இரத்தத்தில் இருந்தாலே குற்றம். மாநிலத்தின் சொந்தப் பட்டியலிலும் கஞ்சா முதலிடத்தில்தான் இருக்கிறது. போதை தெளிந்து நாட்கள் கழிந்தும் அந்த மிச்சம் இரத்தத்தில் தங்கும். செவ்வாய்க்கிழமை இரவு எண்ணெய் எடுத்துவிட்டு வெள்ளிக்கிழமை காலை நிதானமாகக் கோயிலுக்கு ஓட்டிப்போகிறவர், ஒரு சிறு விபத்தில் இரத்தம் எடுக்கப்பட்டால் குற்றவாளி ஆகலாம். அட்டையைக் காட்டித் தப்ப முடியாது. வாங்கிக்கொள் என்று அட்டை கொடுத்த அதே மாநிலம் இப்படிப் பிடிப்பது எனக்குக் கொஞ்சமும் நியாயமாகத் தெரியவில்லை.

பிலடெல்பியாவிலிருந்து பென் ஃப்ராங்க்ளின் பாலம் தாண்டினால் நியூ ஜெர்சியின் கேம்டன். நியூ ஜெர்சியில் 2022 ஏப்ரலிலிருந்து 21 வயது நிரம்பிய யாரும் அட்டையே இல்லாமல் கஞ்சா வாங்கலாம். இரு கரையிலும் சட்டப்படி கிடைக்கிற பொருளைக் கையில் வைத்துக்கொண்டு நடுவில் ஆற்றைக் கடப்பது மத்தியச் சட்டப்படி குற்றம். விமானத்திலும் அதே. 2014 டிசம்பரிலிருந்து மத்திய நாடாளுமன்றம் ஆண்டுதோறும் பட்ஜெட்டில் ஒரு வரி சேர்த்துவருகிறது. மாநில மருத்துவக் கஞ்சாத் திட்டங்களைத் தடுக்க நீதித்துறை பணம் செலவிடக் கூடாது என்பது அந்த வரி. நோயாளிகள் நிம்மதியாக மருந்து வாங்குவது அதன் தயவில்தான். ஒவ்வொரு முறையும் புதுப்பிக்க வேண்டிய வரி அது.

நீதித்துறையின் செலவைத்தான் அந்த வரி கட்டிப்போடுகிறது. குடியேற்றத் துறையை அது தொடவில்லை. தமிழில் இதைப் படிப்பவர்களில் பலருக்கு வீட்டில் ஒருவராவது எச்-1பி விசாவிலோ பச்சை அட்டையிலோ இருப்பார் என்பதால் இதை விரித்துச் சொல்ல வேண்டும். குடியேற்றம் முழுக்க மத்தியச் சட்டம். கஞ்சா வைத்திருந்ததாக ஒருவர் அதிகாரியிடம் தானே ஒப்புக்கொண்டால், வழக்கோ தண்டனையோ இல்லாமலேயே நாட்டுக்குள் நுழையத் தகுதியற்றவர் ஆகலாம். 2019 ஏப்ரலில் குடியுரிமைத் துறை ஒரு விளக்கம் வெளியிட்டது. மாநிலத்தில் அனுமதி இருந்தாலும், கஞ்சா தொடர்பான மத்தியச் சட்ட மீறல் குடியுரிமைக்குத் தேவையான 'நன்னடத்தை'யைக் குலைக்கக்கூடும் என்றது. மருத்துவத் தேவை என்பதற்குத் தனிக் கதவு எதுவும் வைக்கவில்லை.

ஆக எக்ஸ்டன் அம்மா அமெரிக்கக் குடிமகளாக இருந்தால் அவருடைய கவலை அளவும் விலையும் கார் சாவியும்தான். பச்சை அட்டைக்காரராக இருந்தால் அதே எண்ணெய், அதே கால் எரிச்சல், ஆனால் சென்னைக்குப் போய்த் திரும்பும்போது விமான நிலையத்தில் அதிகாரி பையைத் திறந்தால், அல்லது ஃபோனில் உள்ள கடை ரசீதைப் பார்த்துக் கேள்வி கேட்டால், அவர் சொல்லும் உண்மையான பதிலே அவருக்கு எதிராக நிற்கலாம். மகன் எச்-1பி விசாவில் இருந்துகொண்டு அவருக்குப் பராமரிப்பாளராகப் பதிந்திருந்தால், எண்ணெயைக் கையில் வாங்கியவன் என்ற வகையில் அவனுக்கும் அதே சிக்கல். விசா விண்ணப்பமான டி.எஸ்-160 படிவத்தில், கட்டுப்படுத்தப்பட்ட பொருட்கள் பற்றிய எந்தச் சட்டத்தையாவது எப்போதாவது மீறியிருக்கிறீர்களா என்று ஒரு கேள்வி உண்டு. பென்சில்வேனியா அனுமதித்தது என்று எழுத அங்கே கட்டம் இல்லை. பொய் சொன்னால் அது தனிக் குற்றம்.

குடிமகனாக இல்லாதவர்கள் இந்த அட்டைக்குப் போவதற்கு முன் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் பேச வேண்டும், கேன்சர் டாக்டரிடம் மாரினால் போலச் சீட்டில் எழுதக்கூடிய மருந்து ஏதாவது பொருந்துமா என்றும் கேட்க வேண்டும். சான்று கொடுக்கும் டாக்டர் அந்தச் சில நிமிடப் பேச்சில் வலி எங்கே, எத்தனை நாளாக என்று கேட்பார். எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்று கேட்பது அவர் வேலை இல்லை. பதிவேட்டில் பெயர் ஏறுவதற்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து பேசி முடிக்க வேண்டிய பேச்சு அது.